முதல் கோணல்

பாட்டு கேட்கச் சம்பளம் இல்லை எனக்கு.
பிழை கேட்கத்தான்.

லண்டனுக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டிய ஆலை.
கீழ்த்தளத்தில் நீராவி. கறுப்புப் பிசின் உருண்டையை
இரண்டு அச்சுகள் நசுக்கினால்
சூடாக வந்து விழும் இசைத்தட்டு.
நூற்றுக்கு ஒன்று என் மேசைக்கு வரும்.
தலையை இறுக்கும் ஹெட்ஃபோன், கையில் மெழுகுப் பென்சில்.
சொடுக்கு என்றால் சிவப்பு.
இரைச்சல் என்றால் சிவப்பு.
துளை விலகிக் குரல் தள்ளாடினால் சிவப்பு.
என்ன பாடினார்கள் என்று யாராவது கேட்டால்
தெரியாது என்பேன். உண்மையும் அதுதான்.
அரிசியில் கல் பொறுக்குகிறவள்
அரிசியையா பார்க்கிறாள்?

எழுபதாம் வருடம், பிப்ரவரி, கண்ணாடியெல்லாம் பனி.
உறைகூட அச்சாகாமல் வெள்ளைத் தாளில் வந்தது:
காப்பர் ஆர்ச்சர்ட். முதல் ஆல்பம்.
ஐந்நூறு தட்டுகள்.
பேர் தெரியாதவர்களுக்கு
அதற்கு மேல் யாரும் துணிவதில்லை.

முதல் பக்கம், மூன்றாம் பாட்டு முடிகிற இடம்.
கிதார் அடங்கி, சிம்பல் அடங்கி,
அடங்கியதற்கும் அப்பால் ஒரு சீறல்,
கனலும் கரியில் நீர் தெளித்தாற்போல.
சிவப்பு.
அடுத்த நூறிலும் சிவப்பு.
அச்சை மாற்றினார்கள். அதே இடம், அதே சீறல்.
மேற்பார்வையாளர் மிஸ்டர் ப்ளென்கின்
என் காதைத்தான் சந்தேகப்பட்டார்.
"என்ன வின்னி, ஜலதோஷமா?"

நானே ஸ்டுடியோவுக்கு போன் செய்தேன்.
எடுத்தவன் டேப் ஓட்டும் பையன், தூக்கக் கலக்கம்.
"அது பிழை இல்லைம்மா. அது ராய்ஸ்டன்."

ராய்ஸ்டன் ஹிங்லி, டிரம்ஸ்.
பகலில் டட்லி பக்கம் சங்கிலிப் பட்டறையில் வேலை.
ஷிஃப்ட் முடிந்து, கதவு சாத்தாத வேனில் நூற்றிருபது மைல்.
புகை குடித்த நெஞ்சு.
அடித்து முடித்தவன் மூச்சு விட்டிருக்கிறான்.
அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வதற்கென்ன?"
"மணிக்கு எட்டு பவுன். பதினொன்றரைக்கே காசு தீர்ந்துவிட்டது.
இந்தப் பாட்டு பன்னிரண்டு மணிக்கு."

போனை வைத்துவிட்டு மறுபடி ஊசியை இறக்கினேன்.
பிழையிலிருந்து பின்னோக்கிக் கேட்டேன் அன்று:
மூச்சுக்கு முன் சிம்பல்,
சிம்பலுக்கு முன் அந்தப் பெண், ஹேசல் ட்ரோமன்ஸ்.
நகரும் பஸ்ஸைப் பிடிப்பது போல சுருதியைப் பிடிக்கிறாள்,
கை கம்பியில், ஒரு கால் இன்னும் தரையில்.
கிதார்க்காரன் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
போய்க்கொண்டே இருக்கிறான்.
யாரைப் போலவும் இல்லை அவர்கள்.
தங்களைப் போலவும் ஆகவில்லை இன்னும்.

ஐந்து தட்டிலும் சிவப்பைத் துடைத்தேன்.
என் பாவாடை ஓரத்தால்.

இரண்டாவது ஆல்பம் லட்சக்கணக்கில் அச்சானது.
வரிசை வரிசையாக என் மேசைக்கு வந்தது.
ஒரு சிவப்பும் போடவில்லை.
போட இடமில்லை.
ராய்ஸ்டன் மூச்சை அடக்கப் பழகியிருந்தான்,
அல்லது யாரோ கத்தரித்திருந்தார்கள்.

இப்போது பப்பில் நரைத்த தாடிக்காரர்கள் பட்டியல் போடுகிறார்கள்:
உலகத்தின் தலைசிறந்த முதல் ஆல்பங்கள்.
காப்பர் ஆர்ச்சர்ட் ஏழாவதா நாற்பதாவதா என்று
பியர் சிந்தச் சண்டை.
புதுப் பதிப்பில் அந்தச் சீறலைச் சுத்தம் செய்துவிட்டார்களாம்.
சிப்ஸைத் தின்றுகொண்டு நான் பேசாமல் இருக்கிறேன்.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பது பழமொழி.
முற்றும் நேராகிப் போனதை
நான் கேட்டிருக்கிறேன்.

என் இடது காதில் இரண்டு வருடமாக ஓர் இரைச்சல்.
தீராது என்றாள் டாக்டர், பழகிக்கொள்ளுங்கள் என்றாள்.
திருப்பி அனுப்ப ஆலையும் இல்லை,
அங்கே இப்போது சோபா விற்கிறார்கள்.
ராத்திரி விளக்கணைத்ததும் தொடங்கும்.
சில நாள் வெறும் இரைச்சல்.
சில நாள், காசு தீர்ந்த பிறகு
யாரோ ஒருவன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு
மூச்சு விடுகிறான்.